வாயை மறைத்துப் பேசும் காலேஜ்

மைசூருக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் பெண்ணைத் திருப்பிக் கூட்டிவரப் போனேன். கூட்டிப் போனதும் நான்தான்.

எமர்ஜென்சி முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஆரணியில் ஒரு பட்டு முறுக்கு ஷெட்டில் நான் மேஸ்திரி. பெங்களூர்ப் பக்கமிருந்து வருகிற பட்டு இழையை மெஷினில் முறுக்கேற்றித் தறிக்காரர்களுக்குக் கொடுக்கிற வேலை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஷெட்டுக்குள் போனவன். என் பெண் கோமதி பன்னிரண்டாவது முடித்திருந்தாள். பெரணமல்லூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் வீட்டார் சம்மதம் சொல்லிவிட்டு எங்கள் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் மைசூரிலிருந்து கடுதாசி வந்தது. கோமதி ஒரு படிப்புக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்து சயின்ஸ் டீச்சர் வழி காட்டினார்களாம். அவள் அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியாது.

"இன்னா படிப்பு?" என்று கேட்டேன்.

"காது கேக்காதவங்களுக்கு டெஸ்ட் பண்ணி மெஷின் வெக்கிறது, பேச்சு வராதவங்களுக்குப் பேச்சு வரவெக்கிறது. அதுக்கு டிகிரி நைனா. மூணு வருஷம்."

எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பேச்சு வந்திருக்கிறது. அதற்காக யாரும் டிகிரி படித்ததில்லை. இதை நான் சொல்லவில்லை. அவள் இன்னொன்றும் சொன்னாள். படிக்கிறவர்களுக்கு அவர்களே மாதாமாதம் பணம் கொடுப்பார்களாம். அங்கேதான் எனக்கு உறுதியாயிற்று. காசு கேட்கிற காலேஜை நம்பலாம். காசு கொடுக்கிற காலேஜில் வேறு ஏதோ இருக்கிறது.

அதற்கு முன்பே எனக்கு வீட்டின்மேல் சந்தேகம் இருந்தது. தாயும் பெண்ணும் அடுப்பங்கரையில் குசுகுசுவென்று பேசுவார்கள். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவார்கள். ஷெட்டில் ஓனரும் கணக்குப்பிள்ளையும் அப்படித்தான். டீக்கடையில்கூட. ஒரு வருஷமாக என்னைச் சுற்றி எல்லோரும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். கடுதாசியைப் பார்த்ததும், இதற்குத்தான் அத்தனை குசுகுசுவும் என்று நினைத்தேன். மைசூரில் எவனாவது இருக்கிறானோ என்றும் நினைத்தேன்.

போகக் கூடாது என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆயுசுக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். நேரில் போய், ஒரு குற்றத்தைக் கண்ணால் பார்த்து, அங்கேயே சொல்லி அழைத்து வந்துவிட்டால் யாரும் பேச முடியாது. அப்படித்தான் கிளம்பினேன்.

பெங்களூர் தாண்டியதும் கண்டக்டர் என் முதுகில் தட்டினான். டிக்கெட் கேட்க வாய் இல்லையா என்று முறைத்தேன்.

"மூணு தடவ கேட்டாரு நைனா" என்றாள் கோமதி.

அதற்குள் அந்த ஊர்க்காரனுக்கு வக்காலத்து.

கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு பீடி பற்றவைத்தான். இரண்டு பக்கமும் மல்பெரித் தோட்டம். அந்த இலையைத் தின்கிற புழுவின் நூலைத்தான் சின்ன வயசிலிருந்து கையில் பிடிக்கிறேன். செடியை அன்றுதான் பார்த்தேன். இந்தப் பக்கத்து வியாபாரிகளை எனக்குத் தெரியும். பட்டை ஈரக்காற்றில் விரித்து எடை ஏற்றி அனுப்புவார்கள். மூட்டையைப் பிரித்ததும் ஒரு நூல் சிட்டத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். ஈரம் இருந்தால் குளிரும். அந்த மண்ணில் காலேஜ் மட்டும் யோக்கியமாக இருக்குமா?

எல்லோரும் இறங்கித் தள்ளினோம். என் பக்கத்தில் ஒரு ஜிப்பாக்காரர் கையை மட்டும் பஸ்மேல் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். பஸ் கிளம்பியதும் முதலில் ஏறி என் சீட்டில் உட்கார்ந்தவர் அவர்தான்.

மைசூரில் ஜட்கா பிடித்தோம். கோமதி இங்கிலீஷில் இடத்தைச் சொன்னாள். ஜட்காக்காரன் தலையைச் சொறிந்தான். "நீ இரு" என்று அவளை நிறுத்தினேன். ஷெட்டில் மெஷின் ஓடும்போது வாயால் பேசி ஆகாது. கையால்தான் பேசுவோம். இரண்டு விரலைப் பிரித்தால் இழை அறுந்துவிட்டது. கட்டைவிரலை வாயில் வைத்தால் டீ வந்துவிட்டது. மீசையை முறுக்கினால் ஓனர் வருகிறார். அந்தத் தைரியத்தில் கோமதியின் காதைத் தொட்டுக் காட்டினேன். பிறகு இரண்டு கையையும் உயர்த்திப் பெரிய கட்டடம் என்று காட்டினேன். அவன் சந்தோஷமாகத் தலையாட்டிக் குதிரையைத் தட்டினான்.

கொண்டுபோய் ஒரு பெரிய நகைக்கடை வாசலில் இறக்கினான். கம்மல் வாங்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டான்.

கோமதி தாவணி முனையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "கல்யாணத்துக்கு நகை எடுக்க வந்த மாதிரியே கீது நைனா."

"ஏறு வண்டியில."

கடை வாசலில் நின்றவன் ஜட்காக்காரனிடம் ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள். கமிஷன் பேசி வைத்திருப்பார்கள்.

தெருவெல்லாம் அகலம். எங்கள் தெருவில் காலையில் தறிக்கான பாவு நூலை நீளமாக விரித்துவிட்டால் சைக்கிள்கூடப் போகாது. இங்கே தெருவில் ஒன்றுமே இல்லை. ஒன்றும் செய்யாத தெருவுக்கு எதற்கு இவ்வளவு அகலம் என்று கேட்டேன். கோமதி பதில் சொன்னாளோ என்னவோ, குதிரைக் குளம்புச் சத்தம்தான் வந்தது.

ஓட்டலில் சாம்பார் இனித்தது. குழம்பில் வெல்லம் போடுகிறவன் எதையோ மறைக்கிறான். பழைய குழம்பாக இருக்கும் என்று ரசத்துக்குப் போனேன். ரசமும் இனித்தது. சோறு தடித்த அரிசி. அரிசியைப் பற்றி ஆரணிக்காரன் பேச ஆரம்பித்தால் முடிக்க மாட்டான். அதனால் விடுகிறேன். காபி நன்றாக இருந்தது. அதில் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்று ராத்திரி ஒரு லாட்ஜில் தங்கி, மறுநாள் காலை காலேஜுக்குப் போனோம். மரங்களுக்கு நடுவில் இருந்தது. சத்தமே இல்லை. காலேஜ் என்றால் பையன்கள் கத்த வேண்டாமா? வாசலில் ஓர் அட்டெண்டர் எங்களைப் பார்த்ததும் தமிழில் பேசினார்.

"எந்த ஊருண்ணா?"

"ஆரணி."

"அட, நம்ம பக்கம்! எங்க தாத்தா போளூரு. கோலாருக்கு வந்து தங்கச் சுரங்கத்துல எறங்குனவரு. எம் பேரு மாணிக்கம்."

போளூரில் எந்தத் தெரு என்று கேட்டேன்.

"அத தாத்தாவத்தான் கேக்கணும். அவரு போயி ரொம்ப வருஷமாச்சி. நீங்க இன்னாண்ணா, போலீசு மாதிரி கேக்குறீங்க?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனாலும் அவரை விட்டால் பேச ஆள் இல்லை.

கோமதியைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வராந்தாவில் நடந்தேன். ஓர் அறையில் கண்ணாடி ஜன்னல். உள்ளே நாலு வயசுப் பெண் குழந்தை. மார்பில் ஒரு துணிப்பை, பைக்குள் சின்னப் பெட்டி, பெட்டியிலிருந்து காதுக்கு ஒயர். எதிரில் நடுத்தர வயசில் ஒரு மேடம். அவர் ஓர் அட்டையை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேசினார். குழந்தை ஒரு மரவளையத்தை எடுத்துக் குச்சியில் மாட்டியது. மேடம் அட்டையை எடுத்துவிட்டுச் சிரித்தார். மறுபடியும் அட்டை.

வாயை மறைத்துப் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் கணக்குப்பிள்ளை துண்டை வாய்க்குப் பிடித்துக்கொண்டு ஓனரிடம் பேசினால் அன்றைக்கு யாருக்கோ வேலை போகும்.

"அந்தம்மா இன்னாத்துக்கு வாய மறைச்சிகினு பேசுது?" என்று மாணிக்கத்தைக் கேட்டேன்.

"கொழந்த உதட்டப் பாத்துக் கண்டுபுடிச்சிடக் கூடாதுண்ணா. காதாலதான் கேக்கணும். அதுக்குப் பழக்குறாங்க."

"பாத்தா இன்னா தப்பு?"

"அத அவங்களத்தான் கேக்கணும்."

தாத்தாவைக் கேட்கணும், அவங்களைக் கேட்கணும். இந்த ஆளுக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை.

குழந்தை தாயோடு வெளியே வந்தது. ஒயர் காதிலிருந்து கழன்று தொங்கியது. தாய் கவனிக்கவில்லை. நான் குழந்தையைப் பார்த்து இரண்டு விரலைப் பிரித்துக் காட்டி, ஒயரையும் காட்டினேன். அதற்குப் புரிந்துவிட்டது. ஒயரை எடுத்துக் காதில் செருகிக்கொண்டது. என்னைப் பார்த்து இரண்டு விரலைப் பிரித்தது. நான் மீசையை முறுக்கினேன். அதுவும் உதட்டுக்கு மேலே முறுக்கிக் காட்டியது.

தாய் என் கையைத் தட்டிவிட்டுக் கன்னடத்தில் பொரிந்தாள். மாணிக்கம் தமிழில் சொன்னார்: "'ஆறு மாசமா இவ கைய அடக்கி வாயத் தொறக்க வெச்சிகினு இருக்கேன். நீ யாருய்யா, வந்த ஒடனே கையப் பேச வெக்கிறது?'ன்னு கேக்குது."

கையைப் பேச விட மாட்டார்கள். வாயைப் பார்க்க விட மாட்டார்கள். குற்றம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

கோமதியைக் கூப்பிட்டார்கள். கேள்வி கேட்டது அதே மேடம். நானும் வருவேன் என்றேன். கூடாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே வந்தபோது அவள் முகம் தெளிவாக இருந்தது.

"நல்லா சொல்லியிருக்கேன் நைனா. இன்னும் காது டெஸ்ட் மட்டும் கீது. சேர்றவங்க எல்லாருக்கும் பண்ணுவாங்களாம்."

டெஸ்ட் பண்ணுகிற அறையைப் பார்த்தேன். ஐஸ் கம்பெனிக் கதவு போலத் தடித்த கதவு. வெளிப்புறம் ஜன்னலே இல்லை. "உள்ள போயி சாத்திட்டா, கத்துனாக்கூட வெளிய கேக்காதுண்ணா" என்று மாணிக்கம் பெருமையாகச் சொன்னார். பெண்ணைப் பெற்றவனிடம் சொல்கிற பேச்சா அது?

"எம் பொண்ணு இதுக்குள்ள போவாது" என்றேன்.

"நைனா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். உள்ள இன்னா பண்றாங்கன்னு மொதல்ல எனக்குப் பண்ணிக் காட்டட்டும்."

மேடம் வந்தார். மாணிக்கம் சொன்னதைக் கேட்டார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, "வாங்க" என்று தமிழிலேயே சொன்னார்.

உள்ளே சுவரெல்லாம் மெத்தை தைத்த மாதிரி இருந்தது. கதவைச் சாத்தியதும் என் மூச்சு எனக்குக் கேட்டது. கூடவே ஒரு வண்டுச் சத்தம். அது ஷெட்டிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து பாய்க்கும் என்னோடு வருகிற சத்தம். எல்லோருக்கும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். தலையில் ஒரு பட்டையை மாட்டி இரண்டு காதையும் மூடினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மாணவி மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். சத்தம் கேட்டால் நான் விரலைத் தூக்க வேண்டும்.

சுலபமாகத்தான் இருந்தது. அவள் பொத்தானை அழுத்தும்போது வலது தோள் கொஞ்சம் இறங்கியது. தோள் இறங்கும்போதெல்லாம் விரலைத் தூக்கினேன். ஷெட்டிலும் எதிர் மெஷின்காரன் தோளைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்வோம். ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை. கேட்பதென்றால் எனக்கு அதுதான்.

மேடம் உள்ளே வந்து என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுப் போனார்.

ரைஸ்மில் சங்கு மாதிரி கனமாக இரண்டு மூன்று சத்தம் வந்தது. அப்புறம் வெறும் வண்டு. காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. என்னைப் பைத்தியக்காரன் ஆக்குகிறார்கள் என்று பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"மெஷின ஆஃப் பண்ணிட்டு என்ன செவுத்தப் பாத்து உக்கார வெச்சிகினு இருக்கீங்களா?"

மேடம் கோபப்படவில்லை. என் முகத்துக்கு நேராக நின்று கன்னடத்தில் பேசினார். மாணிக்கமும் நேராக நின்று தமிழில் சொன்னார். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். கனத்த சத்தம் எனக்குக் கேட்கிறதாம். மெல்லிய சத்தம் போய்விட்டதாம். இரைச்சலில் எத்தனை வருஷம் வேலை செய்தீர்கள், வீட்டில் எல்லோரும் குசுகுசுவென்று பேசுவதுபோல இருக்கிறதா என்று கேட்டார்.

நான் கோமதியைப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இதைத்தான் பேசியிருக்கிறார்கள்.

"சத்தியமா நான் ஒண்ணும் சொல்லலே நைனா."

"அப்ப நீ போய் உக்காரு" என்றேன். "அதே செவுத்தப் பாத்து. பொத்தான நான் அழுத்துறேன்."

மாணவி மேடத்தைப் பார்த்தாள். மேடம் அவளை எழுந்திருக்கச் சொல்லி நாற்காலியை என் பக்கம் தள்ளினார். கடைசியாக எனக்குக் கேட்காமல் போன அளவிலேயே மெஷினின் முள் இருந்தது. யாரையும் தொட விடவில்லை. மாணிக்கத்தைத் தூரமாக நிற்கச் சொன்னேன். சைகை காட்டலாம் இல்லையா.

கண்ணாடிக்கு அப்பால் கோமதியின் முதுகும் பின்னலும் தெரிந்தன. அழுத்தினேன். விரல் எழுந்தது. விட்டேன். இறங்கியது. உடனே மறுபடி அழுத்தினேன். எழுந்தது. தோளை ஆட்டி, அழுத்துவதுபோலப் பாவனை செய்தேன். எழவில்லை. நீளமாகப் பிடித்தேன். விரல் அத்தனை நேரமும் நின்றது. எனக்கு இல்லாத ஒரு சத்தத்துக்கு என் பெண்ணின் விரல் எழுந்து இறங்கிக்கொண்டிருந்தது.

சிட்டத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாயிற்று. ஈரம் இல்லை.

எவ்வளவு நேரம் அழுத்திக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. மேடம்தான் என் கையைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டார்.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்தேன். கோமதி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நீயும் உங்கம்மாவும் அடுப்பாண்ட மெதுவாவா பேசுவீங்க?"

"அம்மாவா? அம்மா பேசுனா தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

"நான் வந்தா நிறுத்திடுவீங்க."

"இன்னா வேணும் நைனான்னு கேப்போம். நீ பதிலே சொல்ல மாட்டே. கோவமா கீறேன்னு கம்முனு ஆயிடுவோம்."



"அப்ப இந்தக் கடுதாசி?"

"அது மட்டும் மறைச்சதுதான்" என்றாள். "சொன்னா விட மாட்டே."

"விட மாட்டேன்தான். எனக்காவத்தான் இந்தப் படிப்புக்கு எழுதுனியா?"

"இல்ல நைனா. டாக்டர் படிப்புக்கு மார்க்கு பத்தல. இது கெடைக்கும்னு டீச்சர் சொன்னாங்க."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது.

போன காது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று மேடம் சொல்லி அனுப்பினார். எங்கள் ஷெட்டில் பழைய ஆட்கள் எல்லோரையும் நினைத்துப் பார்த்தேன். எல்லோருமே சண்டைக்காரர்கள் என்று ஊரில் பேர். ஒருத்தன் கூடப்பிறந்தவனோடு பேச்சை விட்டுவிட்டான். ஒருத்தன் பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டு அனுப்பிவிட்டான். ஆரணியில் இந்த டெஸ்ட் எங்கே பண்ணுகிறார்கள் என்று கேட்டேன். அங்கே யாரும் இல்லை என்றார் மாணிக்கம்.

அதற்காக எல்லாவற்றையும் நம்பிவிட்டேன் என்று இல்லை. சாயங்காலம் பெண்கள் ஹாஸ்டலைப் போய்ப் பார்த்தேன். கதவை எப்போது பூட்டுவார்கள், சாவி யாரிடம், சுவர் எவ்வளவு உயரம் என்று விசாரித்தேன். வார்டன் அம்மா சொன்னதை மாணிக்கம் சொல்லும்போதே சிரித்துவிட்டார்: "'போன வருஷம் ஒரு அப்பா செவுரு ஏறியே பாத்துட்டாரு. நீங்களும் ஏறுறீங்களா?'ன்னு கேக்குறாங்கண்ணா."

வேண்டாம் என்றேன். உயரம் போதுமானதுதான்.

மூன்றாம் நாள் கோமதிக்கு இடம் உண்டு என்று சொன்னார்கள். சேர்வதானால் அன்றைக்கே சேர வேண்டும்.

"பெரணமல்லூர்க்காரங்களுக்கு இன்னா சொல்றது?" என்று அவளைக் கேட்டேன்.

"மூணு வருஷம் இருக்கச் சொல்லு."

"இருக்க மாட்டாங்க."

அவள் தரையைப் பார்த்தாள். நல்ல குடும்பம். தேடி வந்த வரன். வேண்டாம் என்று சொன்னால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்கக் காது தேவையில்லை.

"போவட்டும்" என்றேன்.

தகப்பன் கையெழுத்துப் போடுகிற தாளில் எழுதியிருந்ததை மாணிக்கத்தை இரண்டு தடவை படித்துச் சொல்லச் சொன்னேன். இரண்டு தடவையும் ஒன்றாகவே சொன்னார். போட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு அவளும் வந்தாள். திரும்பிப் போகத் துணைக்கு மாணிக்கம் வந்தார். அவர் வெற்றிலை வாங்கப் போயிருந்தபோது பஸ் கிளம்பியது. கோமதி ஜன்னலுக்குக் கீழே நின்றாள். தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னாள். எஞ்சின் சத்தம் மட்டும் வந்தது. வாய் தெரியவில்லை.

முன்பென்றால் நானே ஒன்றை நினைத்துக்கொண்டு ஊர் வரைக்கும் அதை மென்றுகொண்டு போயிருப்பேன்.

எழுந்தேன். கண்டக்டர் கத்தினான். பையோடு குதித்தேன். வேட்டி தடுக்கி, விழாமல் நின்றேன்.

"ஐயோ நைனா! பஸ் போவுது!"

"இன்னா சொன்னே?"

"எப்போ?"

"இப்ப. ஜன்னலாண்ட."

"ஒண்ணுமில்லே."

நின்றேன். பஸ் முனையில் திரும்பிப் போய்விட்டது. அவள் முகத்தை நிமிர்த்தினாள். எனக்கு உதடு தெரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"பயமா கீதுன்னு சொன்னேன்."

பையைக் கீழே வைத்தேன். பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு காலியாக இருந்தது.

"எதிர்ல வந்து உக்காரு" என்றேன். "மொதல்லேர்ந்து சொல்லு."